பழம் கிடைக்காத பிள்ளைதான் பழநி ஆண்டவர்

ஓம் சரவணபவ!

ப்ளஸ் டூ, நீட், குரூப் 4... எந்தப் பரீட்சையா வேணா இருக்கட்டும். ராத்திரி ரெண்டு மணி. புக்கை மூடியாச்சு, லைட்டையும் அணைச்சாச்சு. தூக்கம் மட்டும் வரல. "படிச்சதெல்லாம் மறந்துட்டா? மார்க் வரலைன்னா வீட்டுல என்ன சொல்றது?" மனசு இதையே சுத்திச் சுத்தி வருது. அப்படிப் படுத்திருக்கிற தம்பி, தங்கச்சிகளுக்குத்தான் இந்தப் பதிவு.

பழநிக் கதை தெரியும்தானே? ஞானப்பழத்துக்காக முருகன் மயில் ஏறி உலகம் முழுக்கச் சுத்தினார். உழைப்புல ஒரு குறையும் வைக்கல. திரும்பி வந்து பார்த்தா பழம் அண்ணன் கையில! ஆமாங்க, நம்ம சாமியே ஒரு போட்டியில தோத்தவர்தான். கோபிச்சுக்கிட்டு ஆண்டியா மலைக்குப் போயிட்டார்.

அம்மையப்பர் என்ன செஞ்சாங்க? "ஏன் தோத்தே?"ன்னு கேக்கல. தேடி வந்து, "பழம் நீயேப்பா"ன்னாங்க. அதுதான் பழநின்னு ஊர்ப்பேராச்சுன்னு பெரியவங்க சொல்வாங்க. இன்னிக்கும் தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கான ஜனங்க நடந்தே போறது, அந்தப் பழம் கிடைக்காத பிள்ளையைப் பார்க்கத்தானே!

மார்க்கும் ஒரு பழம்தான். அதுக்காக உழைக்கணும். ஆனா அதை வெச்சு உங்க மதிப்பை முருகன் அளக்க மாட்டார்.

சரி, இன்னிக்கு ராத்திரி என்ன செய்யலாம்? பழநியில ராக்கால பூஜை முடிஞ்சா ஆண்டவருக்கே பள்ளியறை, நடை சாத்திடுவாங்க. உங்களுக்கு ஓய்வு வேண்டாமா? படிச்சது மனசுல நல்லா பதியறதும் தூக்கத்துலதான். சாயங்காலத்துக்கு மேல காபி, டீ வேண்டாம். ஹால் டிக்கெட், பேனாவை எடுத்து வெச்சுட்டு, போனை வேற ரூம்ல விட்டுடுங்க. படுத்துக்கிட்டு, மூச்சை இழுக்கும்போது மனசுக்குள்ள "முருகா", விடும்போது நிதானமா "சரவணபவ". தூக்கம் வந்துச்சா இல்லையான்னு பார்க்காதீங்க, நாமத்தை மட்டும் பிடிச்சுக்கோங்க. ஒரு ராத்திரி சரியா தூங்கலைன்னு பரீட்சை கெட்டுப் போயிடாது.

பல நாளா தூக்கமே இல்லை, வாழவே பிடிக்கலைன்னு தோணுதா? தனியா சுமக்காதீங்க. உடனே வீட்டுல யார்கிட்டயாவது சொல்லுங்க. 14416-க்கு எந்த நேரமும் போன் பண்ணலாம், தமிழ்லயே பேசலாம். அந்தக் குரலையும் முருகன்தான் அனுப்பறார்.

இதை உங்க வீட்டு குரூப்லயும் போடுங்க. "பழம் நீயேப்பா"ங்கற வார்த்தையை, ரிசல்ட்டுக்கு முன்னாடியே அப்பா அம்மா வாயால பிள்ளைங்க கேக்கட்டும்.

வேலும் மயிலும் துணை! வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!