“பார்த்துக் கொடுங்க, காக்கா!”

வாரமெல்லாம் ஓரிடத்தில் வேலை பார்த்து, ஞாயிறன்று கார் கழுவிப் பாலிஷ் போட்டுச் சம்பாதிக்கும் வாலிபர்கள் நம் மஹல்லாக்களில் உண்டு. ஹலாலான உழைப்பு; அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆனால், கூலி எவ்வளவென்று கேட்டால், “பார்த்துக் கொடுங்க, காக்கா” என்கின்றனர். இதை அடக்கமென்று நாம் நினைக்கிறோம். பிறகு கொடுத்தவர் முணுமுணுக்கிறார். வாங்கியவர் புறம் பேசுகிறார்.

கூலி இன்னதென்று தெரியாத இஜாரா ஷாபிஈ மத்ஹபில் செல்லாது. வேலை முடிந்துவிட்டால், அவ்வேலைக்கு வழக்கமான கூலியே கடமையாகும். மத்யனில் மூஸா (அலை) அவர்களிடம் அப்பெரியவர் 8 வருட வேலை என்று முன்பே பேசினார். 10 ஆக்குவதை அவர்கள் விருப்பத்திற்கு விட்டார். (அல்கஸஸ்: 27)

ஆகவே வெளியே கழுவ இவ்வளவு, உள்ளே துடைக்க இவ்வளவு என்று வாளியைத் தூக்குமுன் சொல்லிவிடுங்கள். சேறு அதிகமென்றால் அப்போதே கூட்டுங்கள். சாவியை நீட்டும்போது கூட்டாதீர்கள். பேசாமல் கூடுதலாகச் செய்தது உங்கள் இஹ்ஸான். அதற்குக் காசு கேட்க வழியில்லை.

கார் வைத்திருப்போருக்கும் ஒரு சொல். உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். நம் வீட்டுப் பையன்தானே என்று பேசியதில் பாதியை நீட்டுவதும், “அடுத்த வாரம் வா” என்பதும் எந்த வகையில் சேர்த்தி?