நானே செய்தது

சென்னையிலிருந்து நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். கடையில் ஈஸ்ட் வாங்காமல், வீட்டிலேயே புளிக்கவைத்த மாவில் கோதுமை ரொட்டி சுடப் பழகிவிட்டாராம். 2020 ஊரடங்கில் தொடங்கிய பழக்கம். அப்போது கரைத்து வைத்த மாவு இன்னும் அவர் வீட்டில் உயிரோடிருக்கிறது. 'ஒன்றுமில்லாததிலிருந்து, முழுக்க நானே செய்தது' என்று கடிதத்தை முடித்திருந்தார். அவர் கவிஞர். ரொட்டியைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்லியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். தம் கவிதைகளைப் பற்றியும் அவர் இதே வாக்கியத்தைத்தான் சொல்லிவருகிறார். நம்மில் பலரும் சொல்கிறோம். இதற்கு என்ன அர்த்தம் இருக்க முடியும் என்பதே இங்கு கேள்வி.

ஆங்கிலத்தில் இதை 'ஃப்ரம் ஸ்க்ராட்ச்' என்பார்கள். ஓட்டப் பந்தயத்தில் தரையில் கீறிய கோட்டைக் குறித்த பிரயோகம் அது. சலுகை எதுவும் பெறாதவன் அந்தக் கோட்டிலிருந்து ஓட வேண்டும். கோட்டுக்குப் பின்னால் இருக்கும் தரை யார் கணக்கிலும் வராது. அந்தப் பிரயோகத்தின் வசீகரமும் அதிலுள்ள மோசடியும் இந்த இடத்தில்தான் இருக்கின்றன.

ரொட்டிக்கான மாவில் நடப்பதைக் கவனிக்கலாம். மாவையும் தண்ணீரையும் கலந்து மூடி வைக்கிறோம். தினமும் ஒரு பங்கை எடுத்துக் கொட்டிவிட்டுப் புதுமாவும் தண்ணீரும் சேர்க்கிறோம். ஒரு வாரம், பத்து நாளில் அது நுரைத்து எழும்பத் தொடங்குகிறது. எழுப்புபவை ஈஸ்டுகள், புளிப்பைத் தருபவை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். பெரும்பாலும் தானியத்தோடு கூடவே வந்தவை. சுடுகிறவர் செய்தது, அவற்றுக்கு இடமும் இரையும் கொடுத்துக் காத்திருந்தது. நம் இட்லி மாவிலும் இதே சங்கதிதான். கோவாவின் ரொட்டிக்காரர்கள் முன்பு தென்னங்கள் விட்டு மாவு பிசைந்தார்கள். ஆப்பத்துக்குக் கள் விடுவது நமக்கும் புதிதல்ல. அந்த ரொட்டி எழும்பியதில் மரமேறியவருக்கும் பங்குண்டு. ஆனால் ரொட்டி அவர் பெயரைச் சொல்லாது.

மரபைப் பற்றிப் பேசும்போது நம் விமர்சகர்களின் மனசில் இருப்பது அடுக்குக் கேக். கோவாவின் பெபிங்காவை உதாரணமாகச் சொல்லலாம். தேங்காய்ப்பால், முட்டையின் மஞ்சள் கரு, சர்க்கரை, நெய், மைதா கலந்த கரைசலை ஓர் அடுக்கு ஊற்றி, மேலிருந்து வரும் சூட்டில் அது வெந்து சிவந்த பிறகே அடுத்த அடுக்கை ஊற்ற வேண்டும். ஏழு அடுக்கு என்பது வழக்கம். வெட்டினால் கோடு கோடாகத் தெரியும். சங்கம் ஓர் அடுக்கு, பக்தி ஓர் அடுக்கு, பாரதி ஓர் அடுக்கு, உச்சியில் நான். என் அடுக்கு எங்கே ஆரம்பிக்கிறது என்று கத்தியால் காட்டிவிடலாம் என்பது இந்த உருவகம் தரும் ஆறுதல். புளித்த மாவில் அப்படிக் காட்ட முடியாது. நேற்றைய மாவு இன்றைய மாவுக்குள் கரைந்து, தன் அடையாளம் போய், ஆனால் வேலையை மட்டும் தொடர்ந்து செய்துகொண்டிருக்கிறது. மொழி நம்மிடம் வந்து சேரும் விதம் இதற்குத்தான் நெருக்கம்.

இனி ஒரு சங்கடமான விஷயம். ஜோஹன்னஸ்பர்க்கில் காந்தி கடை ரொட்டியை விட்டுவிட்டு, கூனே என்ற ஜெர்மானியரின் முறைப்படி புளிக்கவைக்காத முழுக்கோதுமை ரொட்டியை வீட்டிலேயே செய்யத் தொடங்கினார். மில் மாவு கூடாதென்று 7 பவுன் கொடுத்து ஒரு கை ஏந்திரம் வாங்கினார். அதன் இரும்புச் சக்கரம் ஒருவரால் சுற்ற முடியாத கனம், இருவருக்கு எளிது. அவரும் போலக்கும் குழந்தைகளும் அரைத்தார்கள். கஸ்தூர்பா எப்போதாவதுதான் கைகொடுத்தார் என்றும், அரைக்கும் அந்த நேரத்தில்தான் அவருக்கு அடுக்களை வேலை ஆரம்பிக்கும் என்றும் சுயசரிதையில் எழுதுகிறார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்க வேண்டும். பரிசோதனை ஒரு பக்கம் நடக்க, மறுபக்கம் பரிசோதனை என்ற பெயர் கிடைக்காத அன்றாடக் காரியம் நடந்துகொண்டிருந்தது என்பது அந்தக் குறிப்பிலிருந்துதான் நமக்குத் தெரிகிறது.

என் விஷயத்துக்கு வருகிறேன். என் முதல் கட்டுரையைக் கல்லூரி நாட்களில், இரவுகளில், எங்கள் வீட்டுக் கூடத்தில் எழுதினேன். பின்கட்டில் அம்மா மாவரைத்துக்கொண்டிருப்பாள். ஆட்டுக்கல் சத்தம் சிந்தனையைக் கெடுக்கிறதென்று ஒருநாள் கத்தினேன். மறுநாளிலிருந்து அவள் விடியுமுன் எழுந்து அரைத்தாள். அந்தக் கட்டுரை அச்சில் வந்தபோது, அது முழுக்க நான் எழுதியது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. 2011க்குப் பிறகு அரசு தந்த விலையில்லா கிரைண்டர் வீட்டுக்கு வந்தது. ஆட்டுக்கல் கொல்லைக்குப் போயிற்று. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து நாள் கணக்கில் மின்சாரம் இல்லாதபோது அதைக் கழுவித் திரும்பக் கொண்டுவந்தோம். அப்போதுதான் முதல்முறையாக நான் குழவியைப் பிடித்தேன். உள்ளங்கை கொப்பளித்தது. மறுநாள் இட்லியைத் தட்டில் பார்த்ததும் 'நானே அரைத்தது' என்றேன். அரிசி களைந்து, உளுந்து ஊறவைத்து, உப்புப் போட்டுக் கரைத்துவைத்தவள் எதுவும் சொல்லவில்லை. இன்னொரு இட்லி வைத்தாள்.

அப்படியானால் 'நான்' என்று சொல்லவே கூடாதா? எல்லாருக்கும் எல்லாவற்றிலும் பங்கு என்றால் யாருக்கும் எதிலும் பொறுப்பில்லை என்றாகிவிடுமே என்று நண்பர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வங்கியில் ஒரு பரிவர்த்தனையைப் பதிபவர் ஒருவர், சரிபார்த்து அனுமதிப்பவர் இன்னொருவர். கணக்கு நேரானால் யாரும் யாரையும் கேட்பதில்லை. தவறினால் இன்னார் பதிந்தது என்று பெயர் தேடப்படுகிறது. முதலில் இது எனக்கு அநியாயமாகப் பட்டது. யோசித்தால் தர்க்கம் புரிகிறது. ஒன்று சரியாக நடக்கத் தேவையான எல்லாம் கூடிவர வேண்டும். கெடுவதற்கு ஒன்று பிசகினால் போதும். அந்த ஒன்று நானாக இருக்க முடியும். ஆகவே ரொட்டி கருகினால் நான் கருக்கினேன் என்று சொல்வதில் உண்மை இருக்கக்கூடும். எழும்பினால் நானே எழுப்பினேன் என்பதில் அவ்வளவு உண்மை இருக்க முடியாது. நான் சொல்வது அடக்கம் பற்றியல்ல. வாக்கியம் சரியா என்பது பற்றித்தான். மோசமான கவிதைக்குக் கவிஞனே பொறுப்பு.

கையால் செய்வது வீண் என்றும் நான் சொல்ல வரவில்லை. குழவியைப் பிடிக்காமல் நான் இதைத் தெரிந்துகொண்டிருக்க முடியாது. நண்பர் தொடர்ந்து சுடட்டும். மாவின் எடையில் நூற்றுக்கு 2 பங்கு போல உப்புச் சேர்ப்பார். அது புளிப்பின் வேகத்தை அடக்கி மாவை இறுக்கும். அந்த உப்பு எங்கள் அகஸ்தியம்பள்ளிப் பாத்தியில் வெயிலில் நின்று வாரியவர்களுடையதாகவும் இருக்கலாம்.

1930 ஏப்ரல் 13இல் திருச்சியிலிருந்து ராஜாஜியோடு புறப்பட்ட சத்தியாக்கிரகிகள் உப்பெடுக்க இங்கேதான் நடந்து வந்தார்கள். அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். வழியிலிருந்த ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவைத்துவிட்டுப் போனார்கள். நடந்துவந்தவர்கள் அவிழ்த்துச் சாப்பிட்டார்கள். ஏப்ரல் 30இல் உப்பெடுத்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். பொட்டலம் கட்டியவர்கள் நானே செய்தது என்று சொல்லியிருந்தால் சிறைக்குப் போயிருப்பார்கள்.

அன்று அந்த வாக்கியத்துக்கு ஒரு விலை இருந்தது. நண்பர் தம் அடுத்த தொகுப்புக்கு முன்னுரை எழுதும்போது இதை நினைத்துக்கொண்டால் நல்லது. நானும்.