யோசேப்புக்குப் பாதை இருந்தது

திருக்குடும்ப விழா மறையுரை, மயூர் விஹார், டெல்லி



திருக்குடும்ப விழா என்றால் பெற்றோரைப் பேணுங்கள், வீட்டில் சண்டை வேண்டாம் என்ற அறிவுரையை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று வாசித்த மத்தேயு நற்செய்தியில் அந்தக் குடும்பத்துக்கு வீடே இல்லை. ஏரோதுக்கு அஞ்சி, கைக்குழந்தையுடன் இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடுகிறார்கள். எச்சரித்தவர் வானதூதர், நடந்தவை யோசேப்பின் கால்கள். நடக்க ஒரு பாதையும் இருந்தது. எல்லையில் எவரும் மறித்ததாக மத்தேயு எழுதவில்லை. மறித்திருந்தால், ஏரோது கொன்ற பெத்லகேமின் மாசில்லாக் குழந்தைகளோடு நம் ஆண்டவரையும் சேர்த்தே எண்ணியிருப்போம்.

எல்லோருக்கும் அந்தப் பாதை வாய்ப்பதில்லை. 2022 மார்ச்சில், இலங்கையில் அரிசிக்கும் பால்மாவுக்கும் மக்கள் அல்லாடிய நேரம். படகேறி வந்த ஒரு குடும்பத்தைத் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பால் நான்காம் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் படகு போய்விட்டது. அவர்களோடு நான்கு மாதக் குழந்தை ஒன்று. கடலோரக் காவல் படை வந்து மீட்டது. படகுக்காரரைத் திட்டிவிட்டு நாம் நகர்ந்துவிடலாம். ஆனால் நேர்வழி அடைபட்ட இடத்தில்தான் உயிருக்கு விலைபேசுகிறவன் கடை விரிக்கிறான். கரையேறியவருக்குச் சோறு போடுவது இரக்கம்; அவர் மணல் திட்டில் தவிக்காதபடி வழி கேட்பது நீதி. இரண்டையும் ஆண்டவர் நம்மிடம் கேட்கிறார்.

வழி கேட்டால் கிடைக்குமா? 1968இல் ரோமில் பள்ளி மாணவர்கள் தொடங்கிய சான் எஜிதியோ என்ற பொதுநிலையினர் குழு, பிற கிறிஸ்தவ சபைகளோடு சேர்ந்து 2015 இறுதியில் இத்தாலி அரசோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. அதன்படி, மறு ஆண்டே லெபனானில் தவித்த சிரியக் குடும்பங்கள் முறையான விசாவுடன் விமானத்தில் வந்திறங்கின. நம்மவர் கதையும் உண்டு. இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் அகதிகளே தொண்டர்கள். முகாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அலைந்தார்கள். அந்தத் தாள் இல்லாமல் நாளை ஊர் திரும்பவும் முடியாது.

ஊர் திரும்புவதையும் நற்செய்தி மறக்கவில்லை. ஏரோது இறந்தபின் யோசேப்பு திரும்புகிறார். ஆனால் யூதேயாவில் ஏரோதின் மகன் அர்க்கெலாவு ஆள்வதைக் கேட்டு அஞ்சி, கலிலேயாவுக்குப் போய்விடுகிறார். அவருடைய அச்சத்தைக் கடவுள் குறையாக எண்ணவில்லை. எனவே, அஞ்சுகிறவரைப் பிடித்துத் திருப்பி அனுப்ப நமக்கு உரிமை ஏது?

இனி நம் பக்கம் வருவோம். யமுனைக்கு அக்கரையில், காளிந்தி குஞ்சை ஒட்டிய மதன்பூர் காதரில், மியான்மரிலிருந்து அகதிகளாய் வந்த ரொஹிங்கியா மக்களின் குடிசைகள் 2018இலும் 2021இலும் தீக்கிரையாயின. இந்த மக்களின் பிள்ளைகளை டெல்லிப் பள்ளிகளில் சேர்க்க, தொண்டர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். பிள்ளைகள் அரசுப் பள்ளியை நேரே அணுகலாம், மறுத்தால் உயர் நீதிமன்றம் செல்லலாம் என்று 2025 பிப்ரவரியில் அது சொன்னது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இங்கில்லை. அதனால் ஒவ்வொரு கதவையும் தனித்தனியே தட்ட வேண்டியிருக்கிறது.

“ஃபாதர், ஜங்புராவில் நம்மவர் வாழ்ந்த மதராசி கேம்ப்பையே 2025 ஜூனில் இடித்துவிட்டார்களே, முதலில் நம் பாரத்தைப் பார்ப்போமே” என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயம். அங்கே ஏறக்குறையப் பாதிக் குடும்பங்களுக்கு, தாள் சரியில்லை என்று மாற்று வீடு கிடைக்கவில்லை. ஒரு தாளுக்காகக் குடும்பமே நடுத்தெருவில் நிற்பது என்னவென்று நமக்குத் தெரியும். தெரிந்த நாம் வாய் திறக்காவிட்டால் வேறு யார் திறப்பார்?

ஆகவே, ஒவ்வோர் அன்பியமும் இந்தப் புத்தாண்டில் இரண்டு காரியம் செய்யட்டும். இந்தி எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், அகதிப் பெற்றோர் ஒருவரோடு பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் துணைக்குப் போங்கள். மற்றவர்கள், அகதிகளுக்கு ஒரு சட்டம் வேண்டுமென்று நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கையெழுத்திட்டு மனு கொடுங்கள். திருப்பலி முடிந்ததும் அன்பியப் பொறுப்பாளர்களிடம் பெயர் கொடுத்துவிட்டே வீட்டுக்குப் போங்கள். அகதியாய் வளர்ந்த ஆண்டவர் நம் துணிவை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.