யார் மண்ணை யார் விட்டது?

'இளைஞர்கள் ஏன் விவசாயத்தை விட்டு ஓடுகிறார்கள்?' என்று கேட்காத மேடை இப்போது மதுரையில் இல்லை. கல்லூரிக் கருத்தரங்கில் கேட்கிறார்கள். புத்தகக் கண்காட்சியில் கேட்கிறார்கள். இயற்கை விவசாயக் கூட்டங்களில் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து கேட்கிறார்கள். கேட்கிறவர்களின் குரலில் ஒரு துக்கம் இருக்கிறது. அது பொய் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்து கிடக்கிறது. சோறு போட்ட மண்ணை அம்போவென்று விட்டுவிட்டுப் போகிறாயே என்பதுதான் அது. சேரியிலிருந்து பஸ் ஏறிப் போகிற பையனுக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்துமா? பொருந்தாது என்று சொல்லிவிட்டால் அதோடு நம் வேலை முடிந்துவிடுமா? இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

முதலில் ஒரு கணக்கைத் தீர்த்துவிடுவோம். கிராமத்தை விட்டு முதலில் போனவர்கள் நாம் இல்லை. அக்ரகாரங்கள் காலியானபோது அதற்கு முன்னேற்றம் என்று பேர் வைத்தார்கள். அப்புறம் நிலம் வைத்திருந்த மற்ற சாதிக்காரர்கள் மதுரைக்குப் போய் வீடு கட்டினார்கள், லாரி வாங்கினார்கள், கல்யாண மண்டபம் கட்டினார்கள், வட்டிக்கு விட்டார்கள். நிலம் மட்டும் ஊரில் இருந்தது. அதில் பாடுபட எங்க ஆட்கள் இருந்தார்கள். அப்போதெல்லாம் 'மண்ணை விட்டுப் போகாதே' என்று யாரும் மேடை போட்டுப் பேசவில்லை. நடவுக்கு ஆள் கிடைக்காமல் போன பிறகுதான் மண் தாயாகியிருக்கிறது. போனது நிலத்துக்காரனாக இருந்தால் பிழைக்கப் போனான், கூலிக்காரனாக இருந்தால் ஓடிப்போனான். ஒரே பஸ்தான், ஒரே ரோடுதான்.

எங்க ஊர் மேலூர்ப் பக்கம். 1895-இல் பெரியாறு அணை வந்தபிறகு கால்வாயில் தண்ணி வந்து நெல்லு விளைகிற பூமி. எங்க அய்யா ஒரு வீட்டில் பண்ணைக்கு இருந்தவர். நாற்றங்கால் உழுவது முதல் களத்தில் பொலி தூற்றுவது வரைக்கும் அவர் கை படாத வேலை கிடையாது. எந்த வயலில் எந்த மூலையில் தண்ணி நிற்கும், எந்தப் பக்கம் சவுடு, எந்தக் கண்மாய் மடையை எவ்வளவு தூக்கினால் கடைசி வயலுக்குப் போய்ச் சேரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வயலுக்குச் சொந்தக்காரருக்கு அது தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் அவருக்கு இருந்ததில்லை. இப்போது விவசாய அறிவு அழிகிறது என்று கவலைப்படுகிறவர்கள், அந்த அறிவு யாருடைய தலைக்குள் இருந்தது, அந்தத் தலைக்கு அந்த ஊரில் என்ன மரியாதை இருந்தது என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும்.

கூலி போக இன்னொரு வரும்படி உண்டு. அதற்குப் பேர் சுதந்திரம். அறுப்பு முடிந்து, சூடு மிதித்து, நெல்லை அளந்து மூட்டை கட்டிய பிறகு, களத்தின் ஓரத்தில் நிற்கிற ஊர்த்தொழில்காரர்களுக்கு அளந்து போடுகிற நெல்லுக்குத்தான் அந்தப் பேர். சாவுக்குப் பறை அடித்ததற்கு, கேதம் சொல்ல ராத்திரியில் ஊர் ஊராய் நடந்ததற்கு, செத்த மாட்டைத் தூக்கியதற்கு எல்லாம் சேர்த்து அதுதான் பதில். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பெரியவர்கள் எல்லாரும் வாங்கிப் போன பிறகு கூப்பிடுவார்கள். சில வருஷம் பதரும் மண்ணும் கலந்த களத்துக் கூட்டலாக வரும். ஆகஸ்ட் 15 அன்று பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்து 'சுதந்திரம் வாங்கிய நாள்' என்று வாத்தியார் சொன்னபோது, யார் களத்தில், எத்தனை மரக்கால் என்றுதான் எனக்கு யோசனை ஓடியது. சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அந்தச் சொல்லை அப்படித்தான் என் காது கேட்டுப் பழகியிருந்தது.

ஆகவே, எங்க ஆள் விவசாயத்தை விட்டான் என்று சொல்வதே தவறான வாக்கியம். அவன் விட்டது பயிர்த்தொழிலை மட்டும் இல்லை. கூப்பிட்ட குரலுக்கு 'சாமி' என்று நிற்பதை, தன் அப்பனை எட்டு வயசுப் பையன் பேர் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பதை, டீக்கடையில் தனி கிளாசை எடுத்துக் கழுவி வைப்பதை விட்டான். ஏர், மண்வெட்டி, கதிரருவா எல்லாம் இவற்றோடு ஒரே கயிற்றில் கட்டியிருந்தன. வேலையை வைத்துக்கொள்கிறேன், அவமானத்தைக் கழற்றிக்கொள்கிறேன் என்று சொல்ல அந்த ஊரில் வழியில்லை. ஒன்றை அறுக்கணுமென்றால் கயிற்றையே அறுக்கணும்.

1921 செப்டம்பரில் காந்தி மதுரைக்கு வந்தார். மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் மேல்சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு ஏழை உழவனைப் போல அரையாடைக்கு மாறினார். இன்றைக்கும் மதுரைக்காரர்கள் பெருமையாகச் சொல்கிற சம்பவம். அவருடைய மனசைச் சந்தேகப்பட எனக்குக் காரணமில்லை. ஆனால் சட்டை இருந்தவர் அதைக் கழற்றினார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று விதிக்கப்பட்டவனுக்குச் சட்டை போடுவதுதான் போராட்டம். அம்பேத்கர் கோட்டும் டையும் போட்டார் என்றால் அது வெள்ளைக்காரனைப் பார்த்து வந்த ஆசை என்று பேசுகிற அறிவாளிகள் இன்னமும் இருக்கிறார்கள். திருப்பூரிலிருந்து பொங்கலுக்கு வருகிற பையன் ஜீன்ஸ் பேண்டும் கூலிங்கிளாசும் ஷூவும் போட்டுக்கொண்டு ஊர் மந்தையைக் கடந்து நடக்கிறானே, அந்த நடைக்கு என்ன அர்த்தம் என்று ஆதிக்கச் சாதிக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் அவர்களுக்கு அவ்வளவு எரிகிறது.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, கிராமத்தைக் குறுகிய புத்தியும் அறியாமையும் சாதி வெறியும் ஊறிக் கிடக்கிற இடம் என்று அம்பேத்கர் சொன்னார். கிராமம்தான் குடியரசின் அடிப்படை அலகாக இருக்கணும் என்று கேட்டவர்களுக்கு அவர் கொடுத்த பதில் அது. கோபத்தில் சொன்ன மிகை என்று அதை ஒதுக்குகிறவர்கள் மதுரை மாவட்டத்தைச் சுற்றி ஒரு நாள் வந்து பார்க்கலாம்.

ஊரை விட்டுப் போகாமல், இருந்து காட்டுவேன் என்று நின்றவர்களுக்கு என்ன நடந்தது? மேலவளவு ஊராட்சி 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. முருகேசன் போட்டியிட்டார், தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, எரிக்கப்பட்ட குடிசைகளுக்கு நிவாரணம் கேட்டு மதுரை கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது, அவரையும் சேர்த்து ஏழு பேரை வெட்டிக் கொன்றார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்து எடுத்துப் போனார்கள். அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேர் 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலையாகி வந்துவிட்டார்கள். ஊராட்சித் தலைவர் நாற்காலி வெறும் மரக்கட்டை இல்லை. கண்மாய் மீன், கரை மரங்கள், டெண்டர், வரவு செலவு எல்லாம் அந்த நாற்காலியைச் சுற்றித்தான். கூலியாக இருக்கும்வரை அந்த மண்ணில் இருக்க விட்டவர்கள், நிர்வாகம் செய்ய வந்தவரை உயிரோடு விடவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து வருஷம் ஒரு தலித் தலைவரை உட்கார விடாமல் பார்த்துக்கொண்டார்கள். 2006-இல்தான் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடந்தது.

உத்தப்புரத்தை மறந்துவிடக் கூடாது. 1989-இல் கட்டிய சுவரில் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று இடித்துப் பாதை திறந்தார்கள். உடனே ஆதிக்கச் சாதிக் குடும்பங்கள் பல ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊரைக் காலி செய்து மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. அவர்களும் மண்ணை விட்டுப் போனவர்கள்தான்! சுவர் இல்லாத ஊரில் இருக்க முடியாது என்று போனார்கள். சமாதானம் பேச அதிகாரிகள் பின்னாலேயே போனார்கள். சேரியிலிருந்து குடும்பம் குடும்பமாக மாட்டுத்தாவணியில் பஸ் ஏறியபோது பின்னால் யார் வந்தார்கள்?

'நூறு நாள் வேலை வந்து ஆளைக் கெடுத்துருச்சு' என்ற பேச்சு எல்லா டீக்கடையிலும் உண்டு. அந்தத் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது எங்க தெருப் பெண்களுக்குக் கிடைத்தது காசு மட்டும் இல்லை. 'உங்க வயலுக்கு இன்னைக்கு வரலை' என்று சொல்லுகிற வாய் கிடைத்தது. அதைத்தான் கெட்டுப்போனது என்கிறார்கள். 2025 டிசம்பரில் அதற்குப் பதிலாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டத்தில், விதைப்பு அறுப்புக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். விவசாயத்துக்கு ஆள் கிடைக்கணுமாம். வயலுக்கு ஆள் வரவில்லை என்றால் கூலியை ஏத்து, மரியாதையாகக் கூப்பிடு என்று யாருக்கும் தோன்றவில்லை. வேறு வேலையை நிறுத்து என்று தோன்றியிருக்கிறது. இப்போது தமிழ்நாட்டு வயல்களில் நடவுக்கு வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களும் ஏதோ ஒரு ஊரின் ஏதோ ஒரு ஓரத்திலிருந்து கிளம்பி வந்தவர்கள்தானே.

நகரம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. மதுரையில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் வாசலிலேயே 'நீங்க என்ன ஆளுக?' என்று கேட்கிறார்கள். சாக்கடை அள்ளுகிற ஒப்பந்த வேலைக்கு மட்டும் அந்தக் கேள்வி தேவைப்படுவதில்லை, பதில் முன்னாடியே தெரியும். ஆனாலும் சிம்மக்கல்லில் நடந்து போகும்போது எதிரில் வருகிறவனுக்கு என் அப்பன் பேர் தெரியாது. இந்தத் தெரியாமைக்காகத்தான் இத்தனை பேர் இத்தனை வாடகை கொடுக்கிறோம்.

இதுவரைக்கும் நம் தோழர்கள் எல்லாரும் தலையாட்டுவார்கள். இனிமேல்தான் சிக்கல். போனது சரி. அப்படியென்றால் நிலம்? கூலியாக இருக்க மாட்டேன் என்று கிளம்பியவன் நிலம் எனக்கு வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடுமா? ஆகிவிட்டது போலத்தான் நாட்டில் எல்லாரும் நடந்துகொள்கிறார்கள். நாமும்தான். கிராமத்தைத் திட்டிய அதே அம்பேத்கர் 1947-இல் எழுதிய திட்டத்தில் விவசாய நிலமெல்லாம் அரசுக்குச் சொந்தமாகணும், சாதி பார்க்காமல் குடிகளுக்குப் பிரித்துக் கொடுத்து கூட்டாகப் பயிர் செய்யணும், தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தனிக் குடியிருப்புகள் வேண்டும் என்று கேட்டார். ஊர் வேண்டாம், நிலம் வேண்டும் என்பது அவருக்கு முரண்பாடாகத் தெரியவில்லை. 1892-இல் வெள்ளைக்கார அரசு கொடுத்த பஞ்சமி நிலங்களை மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தும் அவை எங்கே போயின என்று கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கியில் செத்தார்கள். அந்தக் கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டு எல்லாரும் பஸ் ஏறிவிட்டால் அனுபவிக்கிறவனுக்கு வசதி. சும்மா கிடைத்த விடுதலைப் பத்திரம் அது.

இன்னொரு பக்கமும் குரல் உண்டு. தேவேந்திரர் சமூகத்து நண்பர் ஒருவர் சொல்வார்: 'நெல்லுங்கிறது நம்ம கைத்தொழில்யா. நாம வேளாண் குடி. அதை அவமானம்னு சொல்லி விட்டா, நம்ம சரித்திரத்தையே அவன்கிட்ட கொடுத்த மாதிரி.' 2021-இல் ஏழு உட்பிரிவுகளுக்கு தேவேந்திரகுல வேளாளர் என்று பேர் மாறியபோது அவர் அடைந்த சந்தோசம் எனக்குப் புரிகிறது. ஆனால் பேரில் வேளாண்மை வந்துவிட்டது, பட்டாவில் வரவில்லையே என்று நான் கேட்டால் கோபித்துக்கொள்வார். சரித்திரப் பெருமை கடன் வாங்கக்கூட ஈடாகாது என்பது என் அபிப்ராயம். அவர் அபிப்ராயம் வேறு.

எங்க அய்யா பண்ணையிலிருந்து விலகி, கல் உடைத்து, மாடு விற்று, அக்கா கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு 42 சென்ட் வாங்கினார். மதுரைக்குக் குடிபோன ஒரு ஆதிக்கச் சாதிக் குடும்பத்து நிலம். ஊரில் எங்களுக்கு விற்கக் கூடாது என்று பேச்சு வந்தது, பணமுடை காரணமாக அவர்கள் விற்றார்கள். கிரயம் பதிந்த அன்றைக்கு அய்யா வயல் நடுவில் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தார். எத்தனையோ வருஷம் அடுத்தவன் வயலில் குனிந்தவர் வயலில் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். அவர் போன பிறகு அங்கே சீமைக் கருவேலம் மண்டிவிட்டது. நான் சம்பளக்காரன். அக்கா மகன் கோயம்புத்தூர் லேத் பட்டறையில் இருக்கிறான்.

போன வருஷம் பக்கத்து வயல்காரர் நல்ல விலை சொல்லி ஆள் விட்டார். அக்கா மகனிடம் கேட்டேன். 'நான் வந்து உழப் போறதில்ல மாமா. அதை நம்பாதீங்க. ஆனா வித்துப்புடாதீங்க' என்றான். ஏன்டா என்றேன். 'போறதுக்கும் திரும்பி வர்றதுக்கும் ஒரு இடம் இருந்தாத்தான மாமா நாம போனவங்க? இல்லைன்னா துரத்துனவங்க தான' என்றான். துரத்தப்பட்டவர்கள் என்று சொல்ல வந்தான் போல. எந்தப் பக்கம் வைத்துப் படித்தாலும் சரியாகத்தான் இருக்கிறது.

நிலம் வெறுமனே கிடக்க வேண்டாம் என்று எங்க தெருப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து கேட்டார்கள், கொடுத்திருக்கிறோம். குத்தகை என்று எதுவும் பேசவில்லை. விளைந்தால் அக்காவுக்கு ஒரு பங்கு. கருவேலத்தை வேரோடு எடுக்கவே முழுசாக ஒரு மாசம் ஆனது. தண்ணி வாய்க்கால் மேல் வயலைத் தாண்டித்தான் வரணும், அவர்கள் குடித்து மிச்சம் இருந்தால் உண்டு. பாதையும் அப்படித்தான். அறுத்துக் கிடக்கும்போது யார் வயல் வழியாகவும் போகலாம், பயிர் நிற்கும்போது வரப்பில் தலைச்சுமையோடு ஒற்றையடியாகப் போகணும், அதற்கும் ஏச்சு உண்டு. வண்டிப்பாதை கேட்டு தாலுகா ஆபீசில் இரண்டு மனு கொடுத்தாயிற்று, சர்வேயர் இன்னும் வரவில்லை. நெல்லுக்குத் தண்ணி நம்ப முடியாது என்று இந்தத் தடவை உளுந்து விதைத்திருக்கிறார்கள். ஆறு பேரும் நிமிர்ந்து நின்று சத்தமாகப் பேசிக்கொண்டே களை எடுக்கிறார்கள் என்று பக்கத்து வயல்காரர் என்னிடம் புகார் சொன்னார்.