உரிமம் எங்கே குடியிருக்கிறது?

கணினியின் இயங்குதளத்தை அழித்து மறுபடி நிறுவும்போது வட்டில் பழைய அமைப்பு எதுவும் மிஞ்சுவதில்லை. புதிதாக ஏறும் நிரல் பழையதைப் போன்றதே தவிர, பழையது அல்ல. ஆனாலும் இணையத்தைத் தொட்டதும் அந்தக் கணினி பெரும்பாலும் தன் உரிமத்தைத் தானே திரும்பப் பெற்றுவிடுகிறது. செலியமேடு என்ற ஊரிலிருந்து கணினியை ஃபார்மேட் செய்யக் கொண்டுபோகிறவர், “ஒரிஜினல் விண்டோஸ் போய்விடுமா?” என்று கேட்டால், அது கடைக்காரருக்கான கேள்வி மட்டுமல்ல. எல்லாம் மாறிய பிறகும் ‘இது அதுவே’ என்று சொல்ல எது ஆதாரம் என்பது சமயங்கள் நெடுங்காலம் வாதிட்ட பொருள்.

மைக்ரோசாஃப்ட் இதற்கு ஒரே விடை தரவில்லை. கணினியோடு சேர்த்து விற்கப்படும் உரிமம் அந்தக் கணினியோடு கட்டுண்டது; வேறு கணினிக்குப் போகாது. தனியே விலைக்கு வாங்கிய உரிமம் வேறு கணினிக்கு மாறலாம். ஆனால் பழையதிலிருந்து முதலில் நீக்கியாக வேண்டும். 2015இல் வந்த விண்டோஸ் 10, கணினியின் வன்பொருள் அடையாளத்தை நிறுவனத்தின் வழங்கிகளில் பதிந்துவைத்தது. அந்த அடையாளத்தில் மதர்போர்டுக்கே முதலிடம் என்பதால், அதை மாற்றினால் இயந்திரம் ‘வேறு’ ஆகிவிடும். 2016 முதல் உரிமத்தைப் பயனரின் கணக்கோடும் இணைக்க முடிந்தது. உடலில் இருந்த உரிமை ஆளை நோக்கி ஓரடி நகர்ந்தது.

இடம் மாறும் உரிமை பழைய இடத்தைக் காலிசெய்துவிட்டே மாற வேண்டும் என்ற விதி ஆழமானது. கோயில் திருப்பணி இதை நன்கு அறியும். வேலை தொடங்குமுன் மூலவரின் சக்தியைக் கும்ப நீரில் ஆவாகனம் செய்து, தற்காலிகச் சன்னதியான பாலாலயத்தில் மரப்பலகையிலோ படத்திலோ எழுந்தருளச் செய்கிறார்கள். அன்றாடப் பூசை அங்கே நடக்கும், கருவறையில் நடக்காது. திருப்பணி முடிந்து கும்பாபிஷேகத்தில் சக்தி திரும்பச் சேர்கிறது. வழிபாடு ஒரு நாளும் அறுவதில்லை, ஒரே நேரத்தில் ஈரிடத்தில் நடப்பதுமில்லை.

உரிமை ஆவணத்துக்கும் இதே நிகழ்ந்திருக்கிறது. 10ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக்கியபோது, பழைய கற்களில் இருந்த தானக் கல்வெட்டுகள் புதுச்சுவரில் படியெடுத்து வெட்டப்பட்டன. இது பழங்கற்படி என்ற குறிப்பும் உடன் பொறிக்கப்பட்டது. பழைய கற்கள் பயனற்றவையாகத் தவிர்க்கப்பட்டன. கொடுத்தவரும் இல்லை, அரசரும் இல்லை, எழுத்து இருந்த கல்லும் இல்லை. அந்தத் தானங்கள் விதித்த விளக்கெரிப்பு போன்ற கடமைகள் மட்டும் புதுச்சுவரில் தொடர்ந்தன. தமிழ்நாட்டில் இதைவிட நேர்மையான மறுநிறுவலைக் காண்பது அரிது.

அப்படியானால் தொடர்ந்தது எது? பொருள்கள் கணந்தோறும் அழிந்து பிறக்கின்றன, தொடர்வது காரண காரிய ஓட்டமே என்பது பௌத்தரின் விடை. படியெடுத்த அந்தக் கல்வெட்டு அவர்களுக்கு ஏற்ற சான்று: முந்தையது பிந்தையதைத் தோற்றுவித்தது, அவ்வளவே. சமணக் காப்பியமான நீலகேசி இதை எதிர்த்து வாதிடுகிறது. செய்தவன் அழிந்துவிட்டால் வினைப்பயனை நுகர்பவன் யார்? பொருள் நிலைக்கும், அதன் நிலைகளே மாறும் என்பது சமணர் கொள்கை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில், உடலுக்கும் பொறிகளுக்கும் வேறாக அவற்றை அறியும் உயிர் ஒன்று உண்டு என்று நிறுவுகிறார்.

உயிரைப் பற்றிய வழக்கில் மெய்கண்டார் பக்கம் வலுவுடையது. வலியை உணர்கிறவர் தம்மை வெறும் ஓட்டமாகக் காண்பதில்லை. உரிமத்துக்கோ உள்ளே உணரும் உயிர் இல்லை. அது கொடுத்தவரும் பெற்றவரும் சாட்சியும் கூடி ஏற்கும் உறவு. அதனால்தான் வட்டைத் துடைத்தாலும் அழிவதில்லை. வழங்கியில் உள்ள பதிவு அழிந்தால், கணினியில் ஒன்றும் மாறாமலே அது சாகலாம்.

லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளில் இந்தச் சிக்கலே எழுவதில்லை. சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸை எத்தனை கணினியில் நிறுவினாலும் எதிலிருந்தும் நீக்க வேண்டியதில்லை. ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றை ஏற்றுவதுபோல், கொடுத்த இடத்தில் குறைவதில்லை. கல்வியும் அத்தகையதே, ஆனால் கற்பிப்பவருக்குச் சோறு வேண்டும், சோறு விளையும் நிலம் ஒருவருக்கு மட்டுமே விளைச்சல் தரும்.

செலியமேடு அமைந்த பாகூர்ப் பகுதியில், கல்விக்காக விளைச்சலை ஒதுக்கியதற்குச் சான்று உண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த பாகூர்ச் செப்பேடு, மூன்று ஊர்களைப் பாகூர்க் கல்விச்சாலைக்கு வித்தியாபோகமாக, அதாவது கல்விக்கான மானியமாக, எழுதிவைத்தது. செம்பு அழியவில்லை, எழுத்தும் படிக்கும்படி இருக்கிறது. அந்தக் கொடையைத் தன் கடமையாக ஏற்கும் அரசும் சபையும் மறைந்தன. மூன்று ஊர்களின் விளைச்சலும் இன்று அந்தக் கல்விச்சாலைக்குப் போவதில்லை.