பருவம் யாருக்கு?

கழக்கூட்டத்திற்குப் பருவம் என்று ஒன்று கிடையாது. 1990-இல் டெக்னோபார்க் தொடங்கப்பட்டது. இன்று அவ்வூர்ச் சாலைகளில் ஆண்டு முழுவதும் ஒரே நெரிசல்தான். அங்கிருந்து வடக்கே, ரயிலில் ஒரு மணி நேரத்திற்கும் குறைவான தொலைவிலுள்ள வர்க்கலை அப்படியன்று. நவம்பர் முதல் மார்ச் வரை வெளிநாட்டினர் திரளும் அந்தக் கடற்கரை ஊர், தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் ஆளொழிந்துவிடும்.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலை அங்கே சென்றிருந்தேன். செங்குன்றின் விளிம்பில் வரிசையாக இருந்த உணவகங்கள் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. கீழே கடல் செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டிருந்தது. திறந்திருந்த ஒரே தேநீர்க் கடையில் ஒதுங்கினேன். கடைக்காரர், "இப்போது இங்கே ஒன்றுமில்லை சுவாமி, சீசன் இல்லையே" என்றார், மன்னிப்புக் கேட்பவர் போல.

'ஒன்றுமில்லை' என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. தத்துவம் பயின்ற நாட்களில் படித்த ஜார்ஜ் பெர்க்லி நினைவுக்கு வந்தார். அயர்லாந்தில் 1685-இல் பிறந்தவர்; பிற்காலத்தில் அந்நாட்டின் குளாய்ன் என்னும் சிற்றூரில் ஆயராக இருந்தவர். உணரப்படுவதே பொருள்களின் இருப்பு என்று 1710-இல் வெளியான தமது நூலில் அவர் வாதிட்டார். அப்படியானால், பார்ப்பவர் எவருமில்லாதபோது ஒரு மரம் இருக்கிறதா? இறைவன் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறான், ஆகவே இருக்கிறது என்பது அவரது விடை. நம் வேதாந்தி சாட்சியைப் பற்றிப் பேசுவார், இரண்டும் ஒன்றல்ல. அந்த ஆராய்ச்சி இங்கே வேண்டாம்.

பெர்க்லியின் வாதத்தைக் கேட்டு நாம் சிரிக்கலாம். ஆனால் நடைமுறையில் நாம் அவரையும் விஞ்சிவிடுகிறோம். நாம் பார்க்காதபோது மட்டுமல்ல, நமக்குப் பயன்படாதபோதும் ஒன்றை 'இல்லை' என்றே கணக்கில் வைக்கிறோம். குளிர்காலத்து அயர்லாந்துச் சிற்றூரும் மழைக்காலத்து வர்க்கலையும் பயணியின் பேரேட்டில் வெற்றிடங்கள்.

உண்மையில் அந்த வெற்றிடத்தில் என்னவெல்லாம் நடந்துகொண்டிருந்தன! குன்றின் அடியில் ஊற்றுநீர் கசிந்துகொண்டிருந்தது. மீன்கள் இனம்பெருக்கும் காலம் என்பதால் ஜூலை 31 வரை விசைப்படகுகளின் இழுவலைக்குத் தடை. மலையாளிகள் அம்மாதத்தைக் கர்க்கடகம் என்பார்கள். வீடுதோறும் எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணம் ஓதுவார்கள். தேநீர்க் கடைக்காரரே சற்றுப் பொறுத்து, "வாவு அன்று வந்து பாருங்கள், நிற்க இடமிருக்காது" என்றார்.

சென்றேன். நாம் ஆடி அமாவாசை என்பதே அவர்களுக்குக் கர்க்கடக வாவு. விடியுமுன்பே பாபநாசக் கடற்கரை முழுவதும் ஈர உடுப்புடன் மக்கள். தருப்பை, எள், பச்சரிசி, வாழையிலை. தமக்கே சிராத்தம் செய்துவிட்டுத் துறவு பூண்டவனுக்கு அங்கே செய்வதற்கு எதுவுமில்லை. ஓரமாக நின்றேன். பக்கத்தில் ஒரு மூதாட்டி, இறந்த தம் கணவரின் பெயரை ஒரு முறை உரக்கச் சொல்லிவிட்டு இலையைத் தலைமேல் ஏந்திக் கடலுக்குள் இறங்கினார். இனி எதையும் ஈட்டித் தர இயலாதவர்களுக்காக வந்திருந்த கூட்டம் அது. பித்ருக்களின் ஆசியை வேண்டித்தானே வருகிறார்கள் என்று கேட்கலாம். இருக்கலாம். அந்த மூதாட்டியின் முகத்தில் வேண்டுதல் எதையும் நான் காணவில்லை.

திரும்பும் ரயிலில் வேறொருவர் நினைவு வந்தது. கழக்கூட்டத்தில் ஓய்வுபெற்ற மலையாளப் பேராசிரியர் ஒருவர் தனியே வசிக்கிறார். மொழிபெயர்ப்பில் சொல் எதுவும் சிக்கினால் அவரிடம் ஓடுவேன். கடந்த முறை கதவைத் திறந்ததுமே, "இன்று எந்தச் சொல், சுவாமிஜி?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சொல்லின் பொருள் கிடைத்ததும் எழுந்துவிட்டேன். அதன்பின் ஏழு மாதங்கள். சிக்கலான சொல் ஏதும் அமையவில்லை, அவ்வளவுதான்.

கழக்கூட்டத்தில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. அவர் வீட்டு வாசலில் நின்று அழைத்தேன். கதவைத் திறந்தவர் என் கைகளைப் பார்த்தார். புத்தகமும் இல்லை, தாளும் இல்லை.

"என்ன சுவாமிஜி, சொல்லைக் கொண்டுவர மறந்துவிட்டீர்களா?" என்றார்.

உள்ளே போய் அமர்ந்தேன். கஞ்சி வைத்திருப்பதாகச் சொல்லி அடுப்படிக்குச் சென்றார்.