அந்த அரை ஷிப்ட் யாருடையது?

பல்லடம் வட்டாரத்தில் வேலை நேரத்தை மணிக்கணக்கில் சொல்வோர் குறைவு. ஷிப்ட் கணக்கில்தான் சொல்வார்கள். 8 மணி நேரம் ஒரு ஷிப்ட். திருப்பூர் பனியன் கம்பெனியில் காலை 8.30க்கு மெஷினில் உட்கார்ந்தவர் இரவு 8.30க்கு எழுந்தால் ஒன்றரை ஷிப்ட். சரக்கு கப்பலேற வேண்டிய வாரத்தில் இரண்டு ஷிப்டும் உண்டு. விசைத்தறிக் கூடங்களிலோ பகல் 12, இரவு 12 என்று ஆள் மாறி மாறித் தறி ஓடுகிறது. சனிக்கிழமை மாலையில் ஷிப்டுகள் எண்ணப்பட்டுப் பணமாகக் கைக்கு வருகின்றன.

அந்தச் சம்பளக் கணக்கில் வராத கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு ஷிப்டுக்கு மேல் நாம் விற்கிறோமே, அந்த அரை ஷிப்ட் யாருடையது? "என் உடம்பு, என் உழைப்பு, என் நேரம், நான் விற்கிறேன்" என்று பதில் சொல்வது எளிது. மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை.

உழைப்பை இஸ்லாம் தாழ்த்தியதில்லை. தன் கையால் உழைத்து உண்ணும் உணவைவிடச் சிறந்த உணவில்லை என்பதும், தாவூத் (அலை) அவர்கள் நபியாக இருந்தும் தம் கை உழைப்பிலேயே உண்டார்கள் என்பதும் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்த செய்தி. மனைவி மக்களுக்கு உணவும் உடையும் இருப்பிடமும் கொடுப்பது ஆண்மகன் மீது கடமை. அந்தக் கடமைக்காகச் சிந்தும் வியர்வைக்கு நற்கூலி உண்டு. ஆனால் உழைப்பு நல்லது என்பதால், உழைக்கும் நேரம் முழுவதும் நமக்குச் சொந்தம் என்று ஆகிவிடாது.

கூலி ஒப்பந்தம் பற்றி ஃபிக்ஹு நூல்கள் சொல்வதைப் பாருங்கள். ஒருவர் தம் பகலை ஒரு முதலாளிக்குக் கூலிக்குக் கொடுத்துவிட்டார் என்றால் அந்தப் பகல் முதலாளியின் ஹக்கு. அதில் அனுமதியில்லாமல் நஃபில் தொழக்கூட அவருக்கு உரிமையில்லை. ஆனால் பர்லான தொழுகையின் நேரம் அந்த ஒப்பந்தத்துக்குள் வருவதேயில்லை. அது அல்லாஹ்வின் ஹக்கு. விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. நம் சட்ட மேதைகள் ஒரு பகலையே இப்படிப் பங்கு பிரித்து, இது இன்னாருடையது, இது இன்னாருடையது என்று காட்டியிருக்கிறார்கள்.

வீட்டாருக்கும் அதில் பங்குண்டா? உண்டு என்பதற்கு ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு நிகழ்ச்சியே போதும். ஹிஜ்ரத்துக்குப் பின் ஸல்மான் (ரலி), அபூதர்தா (ரலி) இருவரையும் நாயகம் (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்தார்கள். ஸல்மான் (ரலி) அவர்கள் சகோதரரின் வீட்டுக்குச் சென்றபோது, அந்த வீட்டு அம்மையார் தம் உடையைக்கூடக் கவனிக்காத நிலையில் இருந்தார். காரணம் கேட்டபோது, தம் கணவருக்கு இவ்வுலகில் எந்த நாட்டமும் இல்லை என்றார். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. ஸல்மான் (ரலி) அவர்கள் அவரைத் தம்முடன் உண்ண வைத்தார்கள். இரவில் எழ முயன்றவரை உறங்க வைத்தார்கள். இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பிச் சேர்ந்து தொழுதார்கள். பிறகு, இறைவனுக்கும் உம் உடலுக்கும் உம் குடும்பத்துக்கும் உம்மீது ஹக்கு உண்டு, அவரவர் ஹக்கை அவரவருக்குக் கொடுத்துவிடும் என்று உணர்த்தினார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என நாயகம் (ஸல்) அவர்கள் உறுதிப்படுத்தினார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தத் தோழரை வீட்டைவிட்டு இழுத்துச் சென்றது வியாபாரமல்ல, சூதல்ல, வீண் பேச்சல்ல, வணக்கம்! நஃபிலான வணக்கமே வீட்டாரின் பங்கை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றால், அரை ஷிப்டின் கூலி எடுத்துக்கொள்ளலாமா?

"அவர்களுக்காகத்தானே உழைக்கிறேன்?" என்று நம் சகோதரர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒருவருக்குச் சேர வேண்டியதை அவரைக் கேட்காமல் விற்று, அந்தப் பணத்தில் அவருக்கே பரிசு வாங்கிக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிடுமா? தன் ஹக்கை விட்டுக்கொடுக்க உரியவருக்கு அனுமதியுண்டு. மனைவி மனமுவந்து, "இந்தக் கடன் தீரும்வரை ஒன்றரை ஷிப்ட் பாருங்கள்" என்றால் அது அவர் விட்டுக்கொடுத்தது. சிறு பிள்ளை என்ன செய்யும்? பருவமடையாத பிள்ளை தன் பொருளை நன்கொடை கொடுத்தாலும் செல்லாது என்பது ஃபிக்ஹின் சட்டம். தகப்பன் திரும்பும்போது தூங்கிவிட்டிருக்கும், அவன் புறப்படும்போது மக்தபில் இருக்கும் அந்தப் பிள்ளை, தன் பங்கை எப்போது விட்டுக்கொடுத்தது? மக்தபுக்கு வரும் தகப்பன்மார் சிலருக்குத் தம் பிள்ளை எந்த ஜுஸ்வு ஓதுகிறது என்பதுகூடத் தெரியவில்லை. ஆனால் பீஸ் ரேட்டில் பத்துப் பைசா குறைந்தால் உடனே தெரிகிறது.

எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்துவதல்ல நம் நோக்கம். வாடகையும் வட்டிக் கடனும் கழுத்தை நெரிக்க, வேறு வழியில்லாமல் இரவுத் தறி ஓட்டுபவர்மீது பழியில்லை. அவர் நிலை படைத்தவனுக்குத் தெரியும். அங்கே கேள்வி முதலாளியை நோக்கித் திரும்புகிறது. பணியாளர்மீது அவரால் தாங்க முடியாத சுமையை ஏற்றாதீர்கள், ஏற்றினால் நீங்களும் கைகொடுங்கள் என்பது நாயகத்தின் கட்டளை. சிறு யூனிட் வைத்திருக்கும் நம் சகோதரர்கள், ஒரு ஷிப்டின் கூலியில் ஒரு குடும்பம் வாழ முடிகிறதா என்று யோசிக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பிட்டது. மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் திருத்தம் 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எதிர்ப்பு எழுந்தது; மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். ஊரே வேண்டாம் என்ற அந்த 12 மணி நேரத்தை, தேவையில்லாதபோதும் நாமாகவே கேட்டு வாங்குகிறோமே, அதுதான் வேதனை.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? பிள்ளைக்குப் பால்குடி மறக்கடிப்பதைக்கூடத் தாயும் தந்தையும் கலந்தாலோசித்து, இருவரும் பொருந்தியே செய்யலாம் என்று அல்பகரா அத்தியாயம் வழிகாட்டுகிறது. அப்படியிருக்க, வீட்டின் மாலைப்பொழுதை விற்பதை ஒருவர் மட்டும் தீர்மானிக்கலாமா? சனிக்கிழமை இரவு கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து பேசட்டும். அடுத்த வாரம் எத்தனை ஷிப்ட்? கூடுதல் பணம் எதற்கு? அரிசிக்கா, கடனுக்கா, அல்லது ஊர் மெச்சும் கல்யாணச் செலவுக்கா? வாரத்தில் சில நாட்களாவது மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரம் வீட்டுக்கென்று ஒதுங்கட்டும்.

ஒதுக்கிய நேரத்தில் உடம்பு வீட்டிலும் கண் கைப்பேசியிலும் இருந்தால் அதுவும் ஹக்கைக் கொடுத்ததாகாது. செக்கிங்குக்கும் பிசிறு வெட்டவும் போய்த் திரும்பும் பெண்களுக்கு அடுப்படியில் இன்னொரு ஷிப்ட் காத்திருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அந்த சுன்னத்தை நம் சமையலறைகள் காண வேண்டாமா?

மறுமையில் ஆயுளைப் பற்றியும் கேள்வியுண்டு. பொருளைப் பற்றியும் கேள்வியுண்டு. பொருளுக்குக் கணக்கு எழுதி வைத்திருக்கிறோம். ஆயுளுக்கும் எழுதத் தொடங்குவோமாக! அவரவர் ஹக்கை அவரவருக்குக் கொடுத்து வாழும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.